முதலில் காப்பக வடிவம், அப்புறம் கையொப்பம்: பிடிஎஃப்-ஏ கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடுவது பற்றி

ஓர் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, டிஜிட்டல் கையொப்பமும் இட்டு அனுப்புகிறீர்கள். மறுநாள் பதில் வருகிறது: "கோப்பு பிடிஎஃப்-ஏ வடிவத்தில் இல்லை, மாற்றி அனுப்புங்கள்." சரி என்று அதை ஒரு மென்பொருளில் போட்டு, பிடிஎஃப்-ஏ ஆக்கி மறுபடி அனுப்புகிறீர்கள். இந்த முறை வேறு பதில்: "இதில் கையொப்பமே இல்லையே." கடைசிப் பக்கத்தின் அடியில் உங்கள் பெயரும் தேதியும் போட்ட பெட்டி நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. அந்தப் பெட்டி வெறும் படம். வடிவத்தை மாற்றியபோதே கையொப்பம் போய்விட்டது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால், இந்த விஷயத்தில் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிடும். நீண்ட காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப்-ஏ (PDF/A) என்ற காப்பக வடிவம், டிஜிட்டல் கையொப்பம் இரண்டுமே ஒரு கோப்பைப் பற்றி நாம் கொடுக்கும் வாக்குறுதிகள். ‘எத்தனை ஆண்டு கழித்துத் திறந்தாலும் இன்று தெரிவது போலவே தெரியும்’ என்பது ஒன்று. ‘கையொப்பம் இட்ட பிறகு யாரும் இதில் கை வைக்கவில்லை’ என்பது மற்றது. இரண்டையும் ஒரே கோப்பில் காப்பாற்ற முடியும். ஆனால் வரிசை தப்பினால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும்.

எதையும் வெளியே தேடாத கோப்பு

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் ஆவணம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். பெரும்பாலும் அப்படித் தெரியவும் செய்கிறது. ஆனால் சாதாரண பிடிஎஃப், தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னோடு சுமந்துகொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துருவின் பெயரை மட்டும் குறித்துவிட்டு, மீதியைத் திறக்கிற கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த கோப்பைத் திறந்து, ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையைப் பார்த்தவர்களுக்கு இது என்ன வேதனை என்று தெரியும்.

பிடிஎஃப்-ஏ இந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது. அது தனி வடிவம் கூட இல்லை. பிடிஎஃப் வடிவத்தின் மேல் போட்ட கடுமையான விதிகளின் தொகுப்பு. பயன்படுத்திய எழுத்துரு எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். வண்ணங்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற விளக்கமும் உள்ளேயே இருக்க வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டக் கூடாது, ஏனென்றால் சாவி தொலைந்தால் ஆவணமே தொலைந்த மாதிரி. கோப்புக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், ஒலி, காணொளி போன்றவற்றுக்கு, கீழே சொல்லப்போகும் நான்கு பகுதிகளில் முதல் மூன்றில் இடமில்லை. பக்கம் சரியாகத் தெரிவதற்கு வெளியிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டிய நிலையே இருக்கக் கூடாது.

இந்த விதிகள் ஐஎஸ்ஓ 19005 என்ற சர்வதேசத் தரநிலையில் பகுதி பகுதியாக வந்தன. முதல் பகுதி 2005இல் வந்தது, அதன் அடித்தளம் பிடிஎஃப் வடிவத்தின் 1.4 பதிப்பு. இரண்டாவது 2011இல், பிடிஎஃப் 1.7 அடிப்படையில். மூன்றாவது 2012இல், எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக உள்ளே வைக்கலாம் என்பதுதான் அதன் பெரிய வேறுபாடு. நான்காவது 2020இல், பிடிஎஃப் 2.0 அடிப்படையில். புதியது வந்தால் பழையது செல்லாது என்று ஆகாது. 2005 விதிப்படி செய்த கோப்பு இன்றும் பிடிஎஃப்-ஏதான்.

முதல் மூன்று பகுதிகளில், பகுதி எண்ணோடு நிலையைக் குறிக்கும் ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும். ‘பி’ என்றால் பக்கம் பார்ப்பதற்குச் சரியாக இருக்கும் என்ற அடிப்படை உறுதி. பகுதி 2, 3இல் மட்டும் உள்ள ‘யு’ என்றால் அதோடு ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு இணை உண்டு, அதாவது தேடவும் நகலெடுக்கவும் முடியும். ‘ஏ’ என்றால் தலைப்பு, பத்தி, அட்டவணை என்ற கட்டமைப்பும் உள்ளே குறிக்கப்பட்டிருக்கும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு இது மிக முக்கியம். தமிழில் ‘யு’ நிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சோதிக்கிற மென்பொருள் யூனிகோடு இணை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், அது சரியான இணைதானா என்று பார்க்காது. பழைய எழுத்துருவில் ‘அ’ இருக்கிற இடத்தில் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து இணையாகக் குறிக்கப்பட்டிருந்தாலும் சோதனையில் தேறிவிடும். ஆகவே கையொப்பத்துக்கு முன்பு ஒரு வரியைப் பிடித்து நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ‘கொ’, ‘கை’ போன்ற எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று கவனியுங்கள். பின்னால் திருத்த வாய்ப்பிருக்காது.

கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு குறிப்பும் உள்ளே இருக்கும்: நான் பிடிஎஃப்-ஏ, பகுதி 2, நிலை பி என்று. இது அந்தக் கோப்பு தானாகச் சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். அது உண்மையா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். அடோபியின் மென்பொருளில் இப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் மேலே வரும் நீலப் பட்டையும், கோப்பு இந்தத் தரநிலையோடு ஒத்துப்போவதாகச் ‘சொல்கிறது’ என்றுதான் எழுதும். அந்தச் சொல்லைத் தெரிந்துதான் தேர்ந்திருக்கிறார்கள்.

கையொப்பம் என்பது படம் இல்லை

காகிதத்தில் போட்ட கையெழுத்தை வருடி எடுத்து பிடிஎஃப்-இல் ஒட்டுவதை டிஜிட்டல் கையொப்பம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது கையெழுத்தின் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி, வேறு ஆவணத்தில் ஒட்டலாம். உண்மையான டிஜிட்டல் கையொப்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அது ஒரு கணக்கு.

இந்த யோசனையை 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவரும் முன்வைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே ஆர்எஸ்ஏ என்ற நடைமுறை வழி பிறந்தது. கணக்கு இப்படிப் போகும். முதலில் கோப்பின் பைட்டுகள் (கோப்பு சேமிக்கப்படும் சிறு அலகுகள்) எல்லாவற்றையும் வைத்து ஒரு சுருக்கம் கணக்கிடப்படும். இதை ஹேஷ் என்பார்கள். இன்று பரவலாக உள்ள ஷா-256 முறையில், கோப்பு ஒரு பக்கமோ ஆயிரம் பக்கமோ, சுருக்கம் 256 பிட்டுதான். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சுருக்கம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இந்தச் சுருக்கத்தின் மேல், உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் ஒரு கணக்கு செய்தால் கிடைப்பதுதான் கையொப்பம். அதைச் சரிபார்க்க, ஊரறியக் கொடுக்கக்கூடிய பொதுச்சாவி போதும். அந்தப் பொதுச்சாவி உங்களுடையதுதான் என்று ஒரு சான்றளிக்கும் அமைப்பு உறுதி சொல்லித் தருவதே டிஜிட்டல் சான்றிதழ்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கையொப்பத்தைக் கோப்புக்குள்ளேயே வைக்க வேண்டும். ஆனால் உள்ளே வைத்தால் கோப்பு மாறுமே, சுருக்கமும் மாறுமே? பிடிஎஃப் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கையொப்பம் வருவதற்கென்று கோப்பில் ஓர் இடத்தை முன்கூட்டியே காலியாக ஒதுக்கிவிடுவார்கள். அந்த இடத்துக்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் சேர்த்துச் சுருக்கம் கணக்கிடுவார்கள். கிடைக்கும் கையொப்பத்தை அந்தக் காலி இடத்தில் வைப்பார்கள். எதுவரை கணக்கில் சேர்ந்தது என்பதை நான்கு எண்கள் சொல்லும். ஒரு லட்சம் பைட் உள்ள கோப்பு என்று வையுங்கள். 0, 60000, 80000, 20000 என்று எழுதியிருந்தால், தொடக்கத்திலிருந்து 60,000 பைட், அப்புறம் 80,000ஆவது இடத்திலிருந்து 20,000 பைட், இவ்வளவும் கையொப்பத்தில் அடங்கும் என்று பொருள். நடுவில் விட்ட 20,000 பைட்தான் கையொப்பம் குடியிருக்கும் இடம்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். கையொப்பம் காப்பது பக்கத்தில் தெரியும் எழுத்துகளை மட்டும் இல்லை. கோப்பில் எந்தப் பைட் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வரை காக்கிறது. கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாமல் கோப்பைச் ‘சுருக்கி’ அளவு குறைத்தால் போதும், கையொப்பம் உடைந்துவிடும்.

இப்போது முதலில் சொன்ன கதைக்குத் திரும்பலாம். சாதாரண பிடிஎஃப்-ஐப் பிடிஎஃப்-ஏ ஆக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? விடுபட்ட எழுத்துருக்களை உள்ளே சேர்க்கிறது, வண்ண விளக்கத்தைச் சேர்க்கிறது, ஜாவாஸ்கிரிப்டை நீக்குகிறது, தன்னைப் பற்றிய குறிப்பை எழுதுகிறது, கடைசியில் முழுக் கோப்பையும் புதிதாக எழுதுகிறது. ஒரு பைட் கூடப் பழைய இடத்தில் இருக்காது. பழைய கையொப்பத்துக்கு முதலுக்கே மோசம். பொறுப்பான மென்பொருள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, செல்லாத கையொப்பத்தை எடுத்துவிடும். அதன் தோற்றம் மட்டும் படமாகத் தங்கும்.

ஆகவே வரிசை ஒன்றுதான்: எழுதி முடித்து, திருத்தி முடித்து, பிடிஎஃப்-ஏ ஆக்கி, சோதித்து, அதன் பிறகு கையொப்பம். கையொப்பம் இட்ட கோப்பை மறுபடி ‘அச்சிடு’ வழியாகப் புதிய பிடிஎஃப் ஆக்கக் கூடாது. பக்கங்களைச் சேர்க்கவோ பிரிக்கவோ கூடாது. வருடிய பக்கங்களில் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) ஓட்ட வேண்டுமென்றால் அதுவும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பலாம், நகலெடுக்கலாம், கோப்பின் பெயரை மாற்றலாம். இவை எதுவும் உள்ளே இருக்கும் பைட்டுகளைத் தொடுவதில்லை.

கையொப்பமே விதியை மீறலாம்

வரிசையைச் சரியாகப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கையொப்பம் இடுவதும் கோப்பில் ஏதோ சேர்ப்பதுதானே? சேர்க்கிற அந்தப் பொருளும் பிடிஎஃப்-ஏ விதிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையொப்பம் செல்லும், ஆனால் கோப்பு பிடிஎஃப்-ஏ என்ற தகுதியை இழந்துவிடும். திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். காப்பகத்தில் சேர்க்கும்போது சோதனையில் திரும்பி வரும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் திருத்தவும் முடியாது, ஏனென்றால் திருத்தினால் கையொப்பம் உடையும்.

முதலில் இந்தச் சேர்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிடிஎஃப்-இல் ஏற்கெனவே எழுதியதைத் தொடாமல், புதியதைக் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும் வசதி உண்டு. எழுதி முடித்த நோட்டில் எதையும் அழிக்காமல், கடைசியில் ஒரு தாளை ஒட்டி ‘இன்னின்ன பக்கத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்க’ என்று எழுதுவது போல. கையொப்பமும் இப்படிப் பின்னால்தான் ஒட்டும். அதனால்தான் ஒரே ஆவணத்தில் இரண்டு பேர், மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கையொப்பம் இட முடிகிறது. முதலாமவர் பார்த்த கோப்பு அப்படியே முன்பகுதியில் இருக்கும். இரண்டாமவர் இட்டது அதற்குப் பின்னால் சேரும்.

அப்படி ஒட்டும் தாளில் எங்கெல்லாம் தவறு வரும்?

அடிக்கடி வருவது எழுத்துரு. கையொப்பப் பெட்டியில் ‘இன்னார் கையொப்பம் இட்டார், இந்தத் தேதி’ என்று எழுத, பல மென்பொருள்கள் ஹெல்வெட்டிகாவை எடுக்கின்றன. பிடிஎஃப் பிறந்த காலத்திலிருந்தே எல்லா வாசிப்பு மென்பொருளிலும் இருக்கும் என்று நம்பப்பட்ட 14 எழுத்துருக்களில் அது ஒன்று. அதனால் அதைக் கோப்புக்குள் வைக்காமல் பெயரை மட்டும் சொல்லிவிடுவார்கள். பிடிஎஃப்-ஏ இந்தச் சலுகையை ஒப்புக்கொள்ளாது. நூறு பக்க ஆவணம் முழுக்க விதிப்படி இருக்க, கடைசிப் பக்கத்துப் பெட்டியில் உள்ள இரண்டு வரியால் மொத்தமும் தோற்றுப்போகும்.

அடுத்தது படம். கையெழுத்துப் படத்தின் பின்னணி வெள்ளையாகத் தெரியாமல் இருக்க, ஊடுருவும் பின்னணியுள்ள பிஎன்ஜி கோப்பை வைப்பது வழக்கம். பிடிஎஃப்-ஏ பகுதி 1 ஊடுருவும் தன்மையை முற்றிலும் தடை செய்கிறது. பகுதி 2 முதல் அது அனுமதிக்கப்பட்டது. அதாவது அதே படம், அதே மென்பொருள். ஒரு கோப்பில் சரி, மற்றதில் தவறு. பகுதி 1 கட்டாயம் என்றால் வெள்ளைப் பின்னணியுள்ள படத்தை வையுங்கள்.

வண்ணமும் கவனிக்க வேண்டியதே. அச்சுக்குரிய நான்கு மை வண்ண விளக்கம் உள்ள கோப்பில், திரைக்குரிய சிவப்பு-பச்சை-நீலக் கணக்கில் ஒரு நீல மைக் கையெழுத்தை, தனி வண்ண விளக்கம் இல்லாமல் கொண்டுவந்து வைத்தால் அது விதிமீறல். கறுப்பு-சாம்பல் படம் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

கண்ணுக்கே தெரியாத தவறுகளும் உண்டு. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம் பிடிஎஃப்-இல் இரண்டு இடங்களில் எழுதப்படலாம். பகுதி 1 விதிப்படி இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கையொப்ப மென்பொருள் ஓரிடத்தில் மட்டும் நேரத்தைப் புதுப்பித்துவிட்டு மற்றதை மறந்தால் சோதனையில் சிக்கும். அதே போல், பகுதி 1 பழைய பிடிஎஃப் 1.4ஐ அடிப்படையாகக் கொண்டது. பொருள்களின் இருப்பிடப் பட்டியலைச் சுருக்கி எழுதும் முறை 1.5இல்தான் வந்தது. புதிய மென்பொருள் தன் வழக்கப்படி அந்த முறையில் எழுதினால் அதுவும் மீறல்தான். கையொப்பப் பெட்டி அச்சில் வரக்கூடியதாகவும், மறைக்கப்படாததாகவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. என் யோசனை இரண்டு. பகுதி 1 தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாவிட்டால் பகுதி 2ஐத் தேர்ந்தெடுங்கள். கையொப்பத்துக்கென்றே தனி விதிகள் அதில் எழுதப்பட்டுள்ளன: கையொப்பம் முழுக் கோப்பையும் தழுவ வேண்டும், இட்டவரின் சான்றிதழ் உள்ளேயே இருக்க வேண்டும் என்பன போன்றவை. இன்னொன்று, பக்கத்தில் பெட்டி தெரிந்தே ஆக வேண்டும் என்ற தேவை இல்லாத இடங்களில், கண்ணுக்குத் தெரியாத கையொப்பமாக இடுங்கள். தோற்றமே இல்லையென்றால் எழுத்துரு, படம், வண்ணம் என்ற மூன்று தொல்லையும் இல்லை. பெட்டி இல்லாவிட்டால் கையொப்பத்தின் வலு குறைந்துவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். கணக்கில் ஒரு துளி வித்தியாசமும் இல்லை.

கையில் எடுத்துச் செய்யும்போது

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆஃபிஸை எடுத்துக்கொள்வோம். ஆவணத்தை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் சாளரத்திலேயே பிடிஎஃப்-ஏ காப்பக வடிவத்துக்கான தேர்வு இருக்கிறது. பகுதி எண்ணையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அதே சாளரத்தில் டிஜிட்டல் கையொப்பத்துக்கென்று தனித் தாவலும் உண்டு. ஆனால் முதல் தடவை இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம். பிடிஎஃப்-ஏ மட்டும் செய்து, சோதித்துவிட்டு, தேறினால் கையொப்பத்துக்குப் போங்கள்.

சோதிக்க வெராபிடிஎஃப் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் தேறியதா இல்லையா, எந்த விதி எங்கே மீறப்பட்டது என்று வரிசையாகச் சொல்லும். கையொப்பம் இடும் முன்பு ஒரு முறை, இட்ட பிறகு ஒரு முறை ஓட்டுங்கள். முன்பு தேறி, பின்பு தோற்றால் குற்றம் கையொப்ப மென்பொருளின் மேல் என்று தெளிவாகிவிடும். அப்போது தோற்றத்தை எடுத்துவிட்டோ, எழுத்துருவை மாற்றியோ, கையொப்பம் இடாத மூலத்திலிருந்து மறுபடி இட்டுப் பார்க்கலாம். இதற்காகவே அந்த மூலத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

வெராபிடிஎஃப் வடிவத்தைத்தான் சோதிக்கும். சான்றிதழ் உண்மையானதா, சுருக்கம் பொருந்துகிறதா என்ற வேலை அதனுடையது இல்லை. அதற்குக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் தனியாக வேண்டும். ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டுள்ள டிஎஸ்எஸ் என்ற திறமூல நிரல் தொகுப்பு இதற்கு விரிவான அறிக்கை தரும். பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளில் தெரியும் பச்சைக் குறியும் உதவும், ஆனால் அந்த மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். 2019இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கணினி வாசிப்பு மென்பொருள்களைச் சோதித்தார்கள். கையொப்பம் இட்ட பிறகு உள்ளடக்கத்தை மாற்றியும், கையொப்பம் செல்லும் என்றே 21 மென்பொருள்களை நம்பவைக்க அவர்களால் முடிந்தது. கோப்பின் கடைசியில் புதியதை ஒட்டலாம் என்று மேலே பார்த்தோமே, அந்த வசதியைத் தவறாகப் பயன்படுத்துவதும் அவர்கள் காட்டிய வழிகளில் ஒன்று.

ரகசிய ஆவணங்களை முகம் தெரியாத இணையத்தளங்களில் ஏற்றி மாற்றவோ சரிபார்க்கவோ வேண்டாம். மேலே சொன்ன வேலைகளை எல்லாம் சொந்தக் கணினியிலேயே செய்துகொள்ள முடியும்.

கோப்பு நூறாண்டு, சான்றிதழ் சில ஆண்டு

பிடிஎஃப்-ஏ செய்வதே நீண்ட காலத்துக்காகத்தான். ஆனால் கையொப்பம் இடும் சான்றிதழ்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் காலாவதியாகும். இடையில் தனிச்சாவி திருடுபோனால் சான்றிதழ் ரத்தாகவும் செய்யலாம். 20 ஆண்டு கழித்து ஒருவர் கோப்பைத் திறக்கிறார் என்றால், அவருக்கு எழும் கேள்வி இது: இந்தக் கையொப்பம் சான்றிதழ் உயிரோடு இருந்தபோது இட்டதா, காலாவதியான பிறகு யாரோ தேதியைப் பின்தள்ளி இட்டதா? கணினியின் கடிகாரத்தை எவரும் மாற்றலாம் என்பதால், கையொப்பத்தில் உள்ள தேதி மட்டும் சாட்சியாகாது.

அதற்குத்தான் நேரமுத்திரை. மூன்றாவது தரப்பு ஒன்றிடம் சுருக்கத்தை அனுப்பினால், ‘இந்தச் சுருக்கம் இந்த நேரத்தில் என்னிடம் வந்தது’ என்று தன் கையொப்பத்தோடு திருப்பித் தரும். இதற்கான நெறிமுறை 2001இல் ஆர்எஃப்சி 3161 என்ற பெயரில் வெளியானது. அனுப்புவது சுருக்கம் மட்டும்தான். ஆவணம் உங்களை விட்டு எங்கும் போவதில்லை.

நேரமுத்திரை மட்டும் போதாது. அந்த நாளில் சான்றிதழ் ரத்தாகாமல் இருந்தது என்பதற்கும் சான்று வேண்டும். இன்று அதை இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 20 ஆண்டு கழித்து அந்தச் சேவையே இருக்குமா? அதனால் அந்தப் பதில்களையும், உங்கள் சான்றிதழுக்கு உறுதி சொல்லும் மேல்நிலைச் சான்றிதழ்களின் சங்கிலியையும் இன்றே வாங்கிக் கோப்புக்குள் வைத்துவிட வேண்டும். எழுத்துருவை உள்ளே வைக்கச் சொன்ன அதே நியாயம்தான் இங்கேயும்: நாளைக்கு வெளியே தேட வேண்டிய எதையும் இன்றே உள்ளே வை.

இந்த முறைகளை ஐரோப்பியத் தரநிலை அமைப்பான இடிஎஸ்ஐ, பேடெஸ் என்ற பெயரில் நான்கு படிகளாக வகுத்தது. பி-பி என்பது வெறும் கையொப்பம். பி-டி என்றால் நேரமுத்திரையோடு. பி-எல்டி என்றால் சரிபார்க்க வேண்டிய சான்றுகளும் உள்ளே. பி-எல்டிஏ என்றால் இவை எல்லாவற்றையும் சேர்த்து மூடி, மேலே இன்னொரு நேரமுத்திரை. காப்பகத்துக்குப் போகும் ஆவணத்துக்குக் கடைசிப் படிதான் பொருத்தம் என்பேன். குறைந்தது பி-எல்டி ஆவது வேண்டும். கையொப்பச் சாளரத்தில் நேரமுத்திரைச் சேவையின் முகவரி கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அந்தக் கடைசி நேரமுத்திரையும் ஒரு சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு நாள் காலாவதி வரும். கணக்கு முறைகளுக்கும் வயதாகும். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. உள்ளடக்கம் வேறு வேறு, ஆனால் ஷா-1 முறையில் சுருக்கம் ஒன்றே! ஒரு கோப்பின் மேல் இட்ட கையொப்பத்தை மற்றதற்கு மாற்றினாலும் பொருந்தும் என்ற நிலை. ஷா-256க்கு இன்று அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் காப்பகங்கள் முன்யோசனையோடு இருக்க வேண்டும். பழைய நேரமுத்திரை காலாவதியாகும் முன்பு, அந்தக் காலத்தின் வலுவான முறையில் புதிய நேரமுத்திரை ஒன்றைக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட வேண்டும். பின்னால் ஒட்டும் சேர்ப்பு என்பதால் பழைய கையொப்பம் அப்படியே இருக்கும். விதியறிந்த மென்பொருளால் செய்தால் பிடிஎஃப்-ஏ தகுதியும் கெடாது.

ஏற்கெனவே கையொப்பம் இட்ட சாதாரண பிடிஎஃப் இருந்தால்

கையொப்பம் இட்டவர் இன்னும் தொடர்பில் இருந்தால், மூல ஆவணத்திலிருந்து பிடிஎஃப்-ஏ செய்து அவரிடம் புதிதாகக் கையொப்பம் வாங்குவதுதான் நேரான வழி. தேதி மாறும் என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அவரைத் தேடிப் பிடிக்க முடியாது, அல்லது பழைய தேதிதான் முக்கியம் என்றால், கையொப்பம் உள்ள கோப்பைத் தொடாதீர்கள். அதிலிருந்து படிக்க மட்டும் ஒரு பிடிஎஃப்-ஏ பகுதி 3 நகலைச் செய்து, அசல் கோப்பை ஒரு பைட் கூட மாறாமல் அந்த நகலுக்குள் இணைப்பாக வையுங்கள். இணைப்புக்கும் நகலுக்கும் என்ன உறவு என்று குறிக்க பகுதி 3இல் ஓர் இடம் உண்டு. அதில் ‘மூலம்’ என்பதற்கான குறியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தைப் படிக்க வருபவருக்கு நகல் போதும். கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டியவர் இணைப்பை வெளியே எடுத்துத் தனியாகத் திறக்கலாம். சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை என்றால், இணைப்பாக வைப்பதற்கு முன்பே அந்த அசலுக்கு ஒரு நேரமுத்திரையும் சரிபார்ப்புச் சான்றுகளும் சேர்த்துவிடுங்கள். காலாவதியான பிறகு சேர்த்தால் அவற்றுக்கு அதே மதிப்பு இருக்காது.